ஒரு தலைமுடிக்கு இரண்டு தமாங்

டென்மார்க்கின் கிரின்ஸ்டெட்டில் எங்களுக்கு மேல்வீட்டில் ஓர் அக்கா இருந்தார். நேபாளத்து மலைக்காரி. காத்மண்டுவுக்குக் கிழக்கே தேமால் என்ற மேட்டில் பிறந்து, அங்கே வேலைக்குப் போயிருந்த டேனிஷ்காரரைக் கட்டிக்கொண்டு வந்தவர். கணவருக்கு லொறி ஓட்டும் வேலை. வாரத்தில் பாதி ஜெர்மனியில் கழியும். அக்காவின் மொழி தமாங், அவருடைய இனத்துக்கும் அதே பெயர். அந்த ஊரில் அதைக் கேட்க இரண்டே காதுகள்தாம் இருந்தன, அவருடைய மூன்று வயது மகனின் காதுகள். அவற்றையும் முடி மூடியிருந்தது.

முடிக்குக் காரணம் உண்டு. தமாங் சனத்தில் ஆண்பிள்ளையின் முதல் முடியைத் தாய்மாமன் வெட்டவேண்டும். வெட்டும்போது வாழ்த்துச் சொல்லவேண்டும். அக்காவின் தம்பிமார் எல்லாரும் மலையில், விசா கிடைக்கவில்லை. பாலர் பள்ளியில் பிள்ளையைப் பெட்டை என்றே நினைத்தார்கள். இதையெல்லாம் அக்கா படியில் நின்று டேனிஷில் சொன்னார். அம்மாவுக்கு டேனிஷ் அரைகுறை. நான் தமிழாக்கி அவரிடம் சொன்னேன். டேனிஷ் என் வாயில் வழுக்கிக்கொண்டு ஓடிய வயது அது. தமிழ் எனக்கு மேட்டில் சைக்கிள் மிதிப்பதுபோல.

"தாய்மாமன் வேணுமாமோ? அட, எங்கட சனம்தான்!" என்றார் அம்மா.

டென்மார்க்கில் வந்திறங்கும் எந்தத் தமிழரையும், ஊர் பெயர் கேட்டு முடிவதற்குள் ஓர் உறவுக்குள் கட்டிப்போடுவது எங்கள் ஆட்களின் வழக்கம். அதே கயிற்றால் தமாங்குகளையும் கட்டலாம் என்று அம்மா நினைத்துவிட்டார். சில்க்போர்க்கில் என் மாமா வேலைசெய்த சமையலறையில் ஒரு தமாங் இளைஞர் புதிதாய்ச் சேர்ந்திருந்தார். அம்மாவுக்கு அது போதும்.

"ஒரு சனம், ஒரு பாஷை. பிறகென்ன? இஞ்சேருங்கோ, ஞாயிற்றுக்கிழமை காரிலை போய் ஆளைக் கூட்டிக்கொண்டு வாங்கோ," என்று அப்பாவை ஏவினார்.

ஞாயிறன்று அம்மா தலை முழுகி, மேசையில் நிறைகுடம் வைத்து, சோறு, பருப்பு, வடை என்று சைவமாய்ச் சமைத்திருந்தார். தாய்மாமனாக வந்தவரோ ஒரு பெரிய பெட்டி நிறையப் பொரித்த பன்றி இறைச்சியோடு வாசலில் நின்றார். அம்மா நிறைகுடத்தைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார். அப்பா பெட்டியை வாங்கிப் பல்கனியில் வைத்துவிட்டு வந்தார்.

அக்கா மேலேயிருந்து இறங்கி வந்தார். பச்சைச் சட்டை, கழுத்தில் பவளம். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. வந்தவர் கைகூப்பி ஏதோ சொன்னார். அக்கா ஏதோ சொன்னார். வந்தவர் மறுபடி சொன்னார். மழை விட்டதுபோல் இரண்டு பேரும் நின்றுவிட்டார்கள். வந்தவர் மேற்கே, திபெத்து எல்லைக்குக் கிட்ட, ரசுவாவைச் சேர்ந்தவர். இருவர் பேசியதும் தமாங்தான். ஆனால் ஒருவருடைய தமாங் மற்றவருடைய காதில் பாதி வழியிலேயே நின்றது. பிறகு நேபாளியில் பேசினார்கள். பேசப் பேச அக்காவின் முகம் இருண்டது. கொண்டுவந்த கத்தரிக்கோலைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"என்னவாம்?" என்றார் அம்மா.

நேபாளி, பள்ளிக்கூடத்தில் படித்த மொழியாம். கடைக்கும் அரசாங்கக் கந்தோருக்கும் உதவுமாம். வாழ்த்தாகப் பிள்ளையின் தலையில் வைக்க அது வேண்டாமாம். இன்றைக்கு விட்டுவிடலாமாம். அக்கா டேனிஷில் சொன்னதை நான் சொல்லி முடிக்க, அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். இன்னொரு தமாங்கை எங்கே தேடுவது?

"பதறாதையும்," என்றார் அப்பா. "அந்தத் தம்பி இன்னும் சப்பாத்துப் போடேல்லைத்தானே."

உண்மைதான். அவர் போகவில்லை. மேசையிலிருந்து உப்பைக் கிள்ளி உள்ளங்கையில் வைத்து, தன் பேச்சில் அதன் பெயரைச் சொன்னார். புருவத்தை உயர்த்தி அக்காவைப் பார்த்தார். அக்கா வேண்டாவெறுப்பாய்த் தன் பேச்சில் உப்பின் பெயரைச் சொன்னார். அடுத்தது தண்ணீர். நெருப்பு. மூக்கு. யன்னலுக்கு வெளியே போன நாய். சில சொற்கள் அப்படியே ஒன்றாக இருந்தன. சில, ஒரே பாட்டை வேறு மெட்டில் பாடியதுபோல. சில முற்றாகப் பிறத்தியார். ஒன்றாக இருந்தபோது இருவரும் மேசையில் தட்டினார்கள், பிறத்தியாரானபோது விழுந்து விழுந்து சிரித்தார்கள். பிள்ளை ஒரு முள்ளுக்கரண்டியைத் தூக்கிக் காட்டினான். இரண்டு மலைகளிலும் அதற்குப் பெயரில்லை.

சாப்பாடு ஆறியது. அப்பா இரண்டாம் முறை தேத்தண்ணி போட்டார். பின்னேர வெயில் சுவருக்கு ஏறியபோது அக்கா தாமாகவே கத்தரிக்கோலை எடுத்து அவர் கையில் கொடுத்தார். அவர் தன் தமாங்கில் வாழ்த்தைத் துண்டு துண்டாய்ச் சொன்னார். ஒவ்வொரு துண்டையும் அக்கா தன் தமாங்கில் பிள்ளையின் காதோரம் திருப்பிச் சொன்னார். முடி அம்மா ஏந்திய தட்டில் விழுந்தது. அம்மா அழுதார். பிள்ளை வடை கேட்டான்.

இன்று விபோர்க்கில் இருந்து இதை எழுதுகிறேன். தமிழில் எழுதுகிறேன். அந்த அக்காவுக்கு, சப்பாத்தைப் போடாத அந்த மனிதருக்கு, எதையும் அவசரப்படுத்தாத அப்பாவுக்கு, சைவ வீட்டுப் பல்கனியில் பன்றிக்கு ஒருநாள் இடம்விட்ட அம்மாவுக்கு நான் நன்றி சொல்லவேண்டும். அப்போது எனக்குப் பசியும் சலிப்பும்தான். அப்பா அவரை ஏற்றிக்கொண்டு சில்க்போர்க் போனபின், பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அம்மாவிடம் டேனிஷில் முறையிட்டேன்: நேபாளி இருவருக்கும் விளங்குமே, அதில் சொல்லியிருந்தால் வந்தவுடனே முடிந்திருக்குமே.

அம்மா திரும்பவில்லை. "அப்ப நானும் இனி உன்னோட டேனிஷிலை கதைக்கட்டே, பிள்ளை?"

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "ஓம் அம்மா! நாளையிலயிருந்து!" என்றேன்.

தண்ணீர் கொஞ்சநேரம் சும்மா ஓடியது. பிறகு அம்மா குழாயைப் பூட்டி, கையைத் துடைத்து, மிச்ச வடையை மேலே கொடுக்கச் சொன்னார். நான் இரண்டிரண்டு படியாய்த் தாவி ஏறினேன்.

மறுநாட் காலை, "எழும்பு பிள்ளை, பள்ளிக்கூடத்துக்கு நேரமாச்சு," என்று தமிழிலேயே சொல்லி அம்மா என்னைத் தட்டினார். பாவம், மறந்துபோய்விட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.