அப்பா செய்யாத ரயில்

எனக்குப் பத்து வயதாக இருந்தபோது எங்கள் ரப்பர் தோட்டத்துத் தொரைக்கு ரயில் ஆசை வந்தது. பக்கத்து ஊரான கஹவத்தை வழியாக ஒரு காலத்தில் சின்ன ரயில் ஓடியதாம். தண்டவாளத்தைப் பெயர்த்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது. அந்த ரயிலைப் பங்களாவின் பின்னறையில், ஒரு பெரிய மேசையின்மேல் மறுபடி ஓட விடுவது என்று அவர் தீர்மானித்தார்.

என்ஜினும் பெட்டிகளும் வெளிநாட்டிலிருந்து முழுதாகவே வந்துவிட்டன. ஸ்டேஷன், பாலம், சரக்குக் கொட்டகை, வீடுகள் எல்லாம் துண்டு துண்டாக வந்தன. ஒரு அட்டைப்பெட்டியைத் திறந்தால் ஈர்க்குச்சி போன்ற மரச்சட்டங்கள் கட்டுக் கட்டாக இருக்கும். நகத்தளவு ஜன்னல்கள், எள்ளளவு கதவுப் பிடிகள், கூரைக்கு ஒட்டக் கீற்றுக் கீற்றாகக் காகித ஓடுகள், எல்லாவற்றுக்கும் அடியில் மடித்து வைத்த ஒரு வரைபடம். தொரை முதலில் தானே ஸ்டேஷனைக் கட்டிப் பார்த்தார். அது முழங்கால் வலிக்காரர் போல ஒரு பக்கம் சாய்ந்து நின்றது.

அப்பா பால் வெட்டுகிறவர். ரப்பர் மரத்துக்குக் காயம் படாமல் அதன் பட்டையை நூல் பிசகாமல் சீவுவது அவர் தொழில். மத்தியானத்துக்கு மேல் லயத்து வரிசை வீடுகளில் இருந்த ஆட்களுக்குக் கட்டில், கதவு, சில நேரம் சவப்பெட்டியும் செய்து கொடுப்பார். பங்களா மேசைக்குக் கால் மாற்றப் போன இடத்தில் அந்தச் சாய்ந்த ஸ்டேஷனை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார்.

"செவுரு மூலமட்டம் இல்லைங்க தொரை. கழட்டி ஒட்டலாங்களா?" என்று கேட்டாராம்.

அன்றிலிருந்து எட்டு மாதம் அப்பாவின் மத்தியானங்கள் பங்களாவில் கழிந்தன. எங்கள் பக்கம் மழைக்குக் குறைவில்லை. மழை பெய்தால் பால் வெட்டு இல்லை, கூலியும் இல்லை. அந்த நாட்களில் காலையிலேயே போய்விடுவார். பள்ளிக்கூடம் விட்டதும் நானும் போவேன். அப்பாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. எனக்கும் தெரியாது. ஆனால் வரைபடத்தில் இருந்த இலக்கங்களைப் படித்துச் சொல்வேன். என் விரல்கள் மெலிதாக இருந்ததால் கம் தடவி ஓடு ஒட்டுகிற வேலையும் எனக்கே வந்தது. வெளிநாட்டு வீடுகள் ஒவ்வொன்றுக்கும் கூரையில் ஒரு புகைபோக்கி இருந்தது. "இந்த ஓட்ட வழியா மழத்தண்ணி ஊட்டுக்குள்ள எறங்காதா?" என்று அப்பா கவலைப்பட்டு, தொரையிடம் கேட்டுக்கொண்டு, புகைபோக்கிகளை விட்டுவிட்டார். சரக்குக் கொட்டகைக்குப் பால்மாவுப் பாக்கெட்டின் உள்ளே இருந்த வெள்ளித்தாளை வரி வரியாக மடித்துத் தகரக் கூரை போட்டார். ஸ்டேஷன் பெயர்ப் பலகையில் தமிழில் 'கஹவத்தை' என்று எழுதியது நான். 'ஹ'வில் மை கொஞ்சம் ஊறிவிட்டது.

தொரை பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்ப்பார். அவருடைய குடும்பம் கொழும்பில் இருந்தது. ஒருநாள் ரயில் பாலத்தைத் தாண்டி முதல்முறையாக விழாமல் ஓடியபோது அப்பாவின் தோளைத் தட்டினார்.

"பெக்டரி பாஸ் வருஷக் கடசியில வேலய விட்டு நிக்கிறான். அந்த எடம் ஒனக்குத்தான்."

எங்கள் ஊரில் தச்சரை பாஸ் என்போம். பெக்டரி பாஸுக்கு மழை பெய்தாலும் மாதச் சம்பளம் உண்டு, இரண்டு அறை வீடும் உண்டு. அந்த நேரம் அம்மா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போகப் பாஸ்போர்ட் எடுத்து வைத்திருந்தார். அன்று மாலை அப்பா அம்மாவிடம், "பாஸ் வேல கெடச்சிட்டா நீ போகவே தேவயில்ல. வருஷக் கடசி மட்டும் பொறு" என்றார். அம்மா பாஸ்போர்ட்டைப் பெட்டியில் சேலைகளுக்கு அடியில் வைத்தார். பெரியவர்கள் பேச்சு என்று நான் வெளியே விளையாடப் போய்விட்டேன்.

ரயில் முடிந்ததும் தொரை தன் நண்பர்களைக் கூப்பிட்டு விருந்து வைத்தார். இரத்தினபுரியிலிருந்தும் கொழும்பிலிருந்தும் கார்கள் வந்தன. ரயில் தடம் புரண்டால் எடுத்து வைக்க அப்பா வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு மேசையோரம் நின்றார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

தொரை விளக்கை அணைத்து, ஸ்டேஷனுக்குள் இருந்த சின்ன பல்புகளை எரியவிட்டார். எல்லோரும் மேசையை நெருங்கி வந்தார்கள். பிறகு அவர் சிங்களத்தில் சொன்னார்: எட்டு மாதம், ஒவ்வொரு குச்சியும் தன் கையாலே ஒட்டியதாம். அவர்கள் கை தட்டினார்கள். நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா ரயிலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

விருந்துக்கு வந்த சீமாட்டிகளில் ஒரு நோனா குனிந்து பெயர்ப் பலகையைப் பார்த்தார். தமிழ் எழுத்து யார் எழுதியது என்று சிங்களத்தில் கேட்டார்.

நான்தான் என்றேன்.

"அப்படியா? அப்ப ஸ்டேஷன் கட்டினது யாரு?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார்.

"அப்பே தாத்தா" என்றேன். சிங்களத்தில் தாத்தா என்றால் அப்பா, அப்பே என்றால் எங்கள். பாலமும் அவர்தான், வீடுகளும் அவர்தான் என்று விரல் நீட்டிக் காட்டினேன். அப்பாவுக்கும் கை தட்டுவார்கள் என்று காத்திருந்தேன்.

யாரும் தட்டவில்லை. ரயில் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. தொரை சிரித்தார். அந்தச் சிரிப்போடு அப்பா பக்கம் திரும்பித் தமிழில் கேட்டார்.

"என்னா, நீயா செஞ்ச?"

"இல்லைங்க தொரை" என்றார் அப்பா. "நான் கம் பூசிக் குடுத்தது மட்டுந்தாங்க. சின்னப்புள்ள, வெளங்காம பேசுது."

அதைத் தொரை சிங்களத்தில் எல்லோருக்கும் சொன்னார். நோனா என் கன்னத்தைத் தட்டி, பொய் சொன்ன பிள்ளையை மன்னிப்பது போல, ஒரு துண்டு கேக் எடுத்துக் கொடுத்தார். நான் அப்பாவின் கையிலிருந்து என் கையை இழுத்துக்கொண்டேன்.

இறங்கி வரும் வழியில் கேட்டேன். "ஏன் பொய் சொன்னீங்க?"

"ரயிலு அவருது பாப்பா. அவரு செஞ்சதாவே இருந்துட்டுப் போகட்டும்."

அன்றிலிருந்து நான் அப்பாவோடு பேசவில்லை. அத்தனை பேர் முன்னால் என்னைப் பொய்க்காரி ஆக்கியவரோடு என்ன பேச்சு. வேலை விட்டு வரும்போது ரம்புட்டான் கொண்டுவந்து, தோல் உரித்து என் பக்கத்தில் வைப்பார். எறும்பு மொய்க்கும்வரை தொடமாட்டேன்.

அப்பாவைக் கூப்பிடப் பங்களாவிலிருந்து பிறகு ஆள் வரவில்லை. அப்பாவே ஒருநாள் போனார். வாசலில் நின்ற காவல்காரர் இனி வரத் தேவையில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார். அடுத்த வாரம் அப்பாவுக்கு உச்சி மலையில் கிழட்டு மரங்களைப் பிரித்துக் கொடுத்தார்கள். அங்கே ஏறி இறங்குவதற்குள் கால் செத்துவிடும். வருஷக் கடைசியில் வெளியூர் ஆள் ஒருவர் பாஸாக வந்து அந்த இரண்டு அறை வீட்டுக்குச் சாமான் இறக்கினார். லயத்துப் பிள்ளைகளோடு நானும் வேடிக்கை பார்க்கப் போனேன். அவர்கள் வீட்டில் டீவி பெரிதாக இருந்தது.

தை மாதம் அம்மா புறப்பட்டார். இரண்டு வருஷம்தான் என்றார்கள். அம்மாவை நான் மறுபடி பார்த்தபோது எனக்குப் பதினேழு வயது. வேறு யார் வீட்டுக்கோ வந்த பெண் மாதிரி வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். உட்காரச் சொல்ல வேண்டியிருந்தது.

அதெல்லாம் பிறகு. அன்றைக்குக் காலை கஹவத்தை பஸ் ஸ்டாண்டில் அம்மா என்னைக் கட்டிப் பிடித்து, "அப்பாகூட பேசு பாப்பா. அவருமேல தப்பு இல்ல" என்றார். சரி என்று தலையாட்டினேன். குவைத்திலிருந்து என்ன கொண்டுவர வேண்டும் என்பதையும் ஒவ்வொன்றாகச் சொல்லி அனுப்பினேன்.

கொழும்பு பஸ் திரும்பி மறைந்ததும் அப்பா அங்கிருந்த சிமெந்து பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். சட்டையைத் தூக்கி முகத்தை மூடிக்கொண்டு அழுதார். நான் அவர் அழுது பார்த்ததே இல்லை. போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். நான் பெஞ்சின் மறு முனையில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தேன். என்னோடு பேச முடியாமல்தான் அழுகிறார் என்று நினைத்தேன். செய்ததற்கு இப்போதாவது வருத்தப்படுகிறாரே என்று எனக்குக் கொஞ்சம் திருப்தியாகக்கூட இருந்தது. இன்னும் இரண்டு நாள் போகட்டும், அதற்குப் பிறகு பேசலாம் என்று முடிவு செய்துகொண்டேன்.