உலையில் ஊற்றிய தண்ணீர்

எட்டு வருடமாக ராஜபாளையத்தில் ஒரு மருத்துவமனையில் டயட்டீஷியனாக இருக்கிறேன். நோயாளிக்கு எது ஆகும், எது ஆகாது என்று எழுதிக் கொடுப்பதுதான் என் வேலை. அப்படிப்பட்ட நான், என் சொந்த அப்பாவுக்கு வழி தெரியாமல் கையைப் பிசைந்துகொண்டு நின்றேன். கர்த்தர் எனக்குச் செய்ததை மறைக்க மனம் வரவில்லை, சொல்கிறேன்.

அப்பா நூற்பாலையில் மூன்று ஷிப்டும் பார்த்து என்னைப் படிக்க வைத்தவர். "சோறு பொங்கப் படிக்கதுக்கு ஒரு காலேஜா?" என்று சொந்தக்காரர்கள் கேலி செய்தபோது, "எம்மவ சோத்துலயே மருந்து வச்சுக் கொடுப்பா, பாருங்க" என்றார். அவருக்கே போன வருடம் இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. அம்மா வாரம் மூன்று நாள் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ்ஸில் கூட்டிக்கொண்டு வருவார். எங்கள் மருத்துவமனையிலேயே டயாலிசிஸ்.

ரத்தத்தில் பொட்டாசியம் ஏறினால் இதயமே நின்றுவிடும். அதனால் காயை நறுக்கி ஊற வைத்து, வேக வைத்து, பொட்டாசியம் இறங்கிய அந்தத் தண்ணீரை வடித்துவிட்டுச் சமைக்கச் சொல்லியிருந்தேன். பழம் கிடையாது, இளநீர் கிடையாது. ஆனாலும் ரிப்போர்ட்டில் பொட்டாசியம் ஏறிக்கொண்டே இருந்தது. ஒரு நாள் அப்பா மருத்துவமனை வாசலிலேயே மயங்கி விழுந்தார். அவசரமாக உள்ளே கொண்டுபோய்க் காப்பாற்றினார்கள். "உங்க வீட்லயே இப்படியா மேடம்?" என்று டாக்டர் கேட்டார். எனக்குத் தலை நிமிரவில்லை.

அந்த எரிச்சலை அப்பாவிடம் காட்டினேன். "திருட்டுத்தனமா வாழப்பழம் தின்னீங்களா?" என்று மற்ற நோயாளிகள் முன்னாலேயே கேட்டேன். "இல்லத்தா, தொட்டுக்கூடப் பாக்கல" என்றார். கண் கலங்கியிருந்தது. நான் நம்பவில்லை. அதை நினைத்தால் இன்றும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

மறுநாள் மதியம் மருத்துவமனைச் சமையலறையில், அரிசி மூட்டை பக்கத்தில் முழங்காலில் நின்றேன். வேறு வார்த்தை வரவில்லை. "ஆண்டவரே, எனக்குத் தெரியல. படிச்சது எதுவும் உதவல" என்று மட்டும் அழுதேன். குரல் எதுவும் கேட்கவில்லை. அடுத்த ரிப்போர்ட்டும் அப்படியேதான் வந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு டூட்டி. கூட வேலை பார்ப்பவள், நான் கேட்காமலேயே, "நான் பாத்துக்கிடுதேன்க்கா, நீங்க அப்பாட்ட போங்க" என்று வாங்கிக்கொண்டாள். ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டுக்குப் போனேன். எப்போதும் வாசலில் நின்றே உத்தரவு போட்டுவிட்டு வருகிறவள், அன்று அடுப்படியில் போய் உட்கார்ந்தேன். அம்மா காயை வேக வைத்து, தண்ணீரை வடித்தார். வடித்ததை அப்படியே அரிசி உலையில் ஊற்றினார்.

எட்டி அம்மாவின் கையைப் பிடித்தேன். "என்னம்மா செய்யுத?"

"நீதானட்டி சபையில பொம்பளைகளுக்குக் கூட்டம் போட்டுச் சொன்ன, காய் வெந்த தண்ணியக் கீழ ஊத்தாதீங்க, சத்தெல்லாம் அதுலதான் இருக்குன்னு? அவிய எளைச்சுட்டே போறாவளேன்னு ஊத்துதேன்."

நான்தான் சொல்லியிருந்தேன். நல்ல உடம்புக்காரர்களுக்குச் சொன்னது. அப்பாவுக்கு ஏன் வடிக்க வேண்டும் என்று அம்மாவுக்கு ஒரு வார்த்தை விளக்கவில்லை. காகிதத்தை நீட்டினேன், அவ்வளவுதான்.

அப்பாவின் காலைப் பிடித்து மன்னிப்புக் கேட்டேன். "அழாதட்டி. சோத்துலதான் இருக்குன்னு கண்டுபிடிச்சிட்டேல்லா" என்று சிரித்தார்.

அடுத்தடுத்த வாரங்களில் பொட்டாசியம் இறங்கியது. ஸ்தோத்திரம். சிறுநீரகம் சரியாகவில்லை. இன்றும் அதே கட்டில், அதே மெஷின். பக்கத்தில் நிற்பதைத் தவிர என்னால் செய்ய முடிவது அதிகமில்லை. ஆனால் இப்போதெல்லாம் காகிதத்தைக் கொடுக்குமுன், சமைக்கிறவரை உட்கார வைத்து, அவர் வீட்டில் எப்படிச் சமைக்கிறார் என்று முழுவதும் கேட்கிறேன்.

கைவிடப்பட்டதாக நினைத்து அழுகிறவர்களே, தெரியவில்லை என்று கர்த்தரிடம் சொல்ல வெட்கப்படாதீர்கள். வாழைப்பழம் தின்றாயா என்று அவர் என்னைப்போல உங்களைக் கேட்க மாட்டார். வந்து அடுப்படியில் உட்காருவார்.