சிவப்பு முத்திரை, நீல முத்திரை, என் ஆஞ்சிலித் தடி

நான் உண்டாக்கியதையெல்லாம் முதலில் சொல்லிவிடுகிறேன். நான் சொல்லாவிட்டால் சொல்வதற்கு வேறு ஆள் இல்லை.

மலையாள நாட்டில், சாலை என்கிற கடைத்தெருவில் ஓர் இரும்புச் சாமான் கடை. நான் எடுக்கும்போது அது பழஞ்சாக்கு அடைந்து கிடந்த பொந்து. ஆரியசாலையில் ஒரு கிடங்கு. மழைத்தண்ணீர் ஏறும் என்று எல்லோரும் கைவிட்ட இடத்தைத் தரை உயர்த்தி நான் எடுத்தேன். வள்ளக்கடவில் வள்ளத்தில் வந்து இறங்கும் சீமை உளியையும் மரம் அறுக்கும் வாளையும் கொல்லத்து வியாபாரியின் கைக்குப் போகாமல் நேராக வாங்கியவன் நான். சொந்தமாக ஒரு வீடு. இரண்டு தங்கைகளுக்குக் கல்யாணம். வீட்டுக்காரியின் தம்பி ஒருவனுக்குத் தொழில். எல்லாவற்றுக்கும் மேலாக, கடை வாசலில் ஓர் ஆஞ்சிலித் தடி; தடி என்றால் இந்த ஊரில் கைத்தடி இல்லை, வெட்டிப் போட்ட அடிமரம். இவ்வளவுக்கும் நான் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன். வள்ளியூர்ப் பக்கத்திலிருந்து ஆரல்வாய்மொழி வழியாக நடந்தே வந்தவன். மலையாளம் பேசக் கற்றது கடையில், படிக்கக் கற்றது அடுத்த கடைப் பெயர்ப்பலகையைப் பார்த்து.

அந்தத் தடியைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

நான் வாங்கி விற்ற சீமைக் கம்பெனி, ஒரே பெயரில் இரண்டு தரம் செய்து அனுப்பும். மேல் தரத்தின் மரப்பிடியில் சிவப்புக் காகித முத்திரை ஒட்டியிருக்கும். கீழ்த் தரத்தில் நீலம். இரும்பில் இரண்டுக்கும் ஒரே அச்சு. சிவப்பு உசத்தி, நீலம் சல்லிசு என்பது சாலை முழுக்கத் தெரியும். எதில் உசத்தி, எவ்வளவு உசத்தி என்பது நான் சொல்லும்வரை ஒருவருக்கும் தெரியாது. கையில் காசு இருந்தவன் சிவப்பை வாங்கினான், இல்லாதவன் நீலத்தை வாங்கிக்கொண்டு தலைகுனிந்து போனான்.

நான் இரண்டையும் எடுத்து வேலை செய்து பார்த்தேன். சுத்தியலில் ஒரு வித்தியாசமும் இல்லை, பூச்சு மட்டும்தான். சுத்தியல் கேட்டு வந்தவனுக்குச் சிவப்பை எடுத்துக் கொடுத்தால் அது பாவம் என்றே வைத்திருந்தேன். வாளில் நிறைய உண்டு. சிவப்பு வாளின் முதுகுப் பக்கம் பல் பக்கத்தைவிட மெலிந்திருக்கும். பச்சை மரத்தில் முழுக்க இறங்கினாலும் கவ்வாது. நீல வாள் மேலும் கீழும் ஒரே கனம். ஈர மரத்தில் பாதி போனதும் சிக்கிக்கொள்ளும், ஆனால் காய்ந்த பலாப் பலகைக்கு அதுவே போதும். உளியில்தான் சூட்சுமம். ஒடுக்கமான உளிகளில் நீலமும் சிவப்பும் உழைப்பது ஒன்றுபோலத்தான். அகல உளி வந்துவிட்டால் கதை வேறு. ஆஞ்சிலியின் முடிச்சில் வைத்து அடித்தால் சிவப்பு அறுத்துக்கொண்டு போகும், நீலத்தின் வாய் மடங்கும். இன்னொன்று: சிவப்பு எண்ணெய்க் காகிதத்தில் சுற்றி வரும், நீலம் வைக்கோலில் வரும். இடவப்பாதி மழையில் வைக்கோல் பெட்டியைத் திறந்தால் பாதி துருவாக இருக்கும்.

இதை வாயால் சொன்னால் எந்த ஆசாரி நம்புவான்? இரும்பு வியாபாரி சொல்வதை நம்புவதற்கு அவர்கள் என்ன நேற்றுப் பிறந்தவர்களா? அதனால்தான் முடிச்சு விழுந்த ஆஞ்சிலித் தடி ஒன்றை வாங்கிக் கடை வாசலில் போட்டேன். வாங்க வந்தவன் சிவப்பையும் நீலத்தையும் கையில் எடுத்து, அந்த முடிச்சில் அடித்துப் பார்த்துவிட்டு, வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம். வெட்டிப் பார்த்த உளியைத் திரும்ப வைத்துவிட்டுப் போனாலும் முகம் சுளிக்க மாட்டேன். அன்றைக்குச் சாலையில் அப்படி ஒரு கடை கிடையாது. அடுத்த கடைச் செட்டியார் வந்து நின்று, "அண்ணாச்சி, சரக்கு விக்கிறீரா, வெறகு வெட்டுறீரா?" என்று கேட்டார். வருஷம் திரும்புமுன் அவருடைய வாடிக்கைக்காரர்கள் என் வாசலில் விறகு வெட்டிக்கொண்டிருந்தார்கள்.

போகப் போக, வெட்டிப் பார்ப்பதுகூடக் குறைந்தது. "மொதலாளி சொன்னா மதி", நீர் சொன்னாலே போதும் என்று சிவப்பு முத்திரையை மட்டும் பார்த்து வாங்கிப் போனார்கள். நான் சம்பாதித்ததில் பெரிய சொத்து அந்தச் சொல்தான். அதைத்தான் என் கடைக்குள் இருந்தே ஒருவன் எடுத்துச் செலவு செய்தான்.

இந்த ஊர் ஆசாரிகளுக்குக் கம்பெனிப் பிடி ஆகாது. தரையில் உட்கார்ந்து, மரத்தைக் கால் விரலால் பிடித்து வேலை செய்கிறவர்களுக்கு அது நீளம், வழுக்கலும்கூட. புளிய மரத்தில் தங்கள் கைக்குத் தக்கபடி குட்டையாகப் பிடி போட்டுக்கொள்வார்கள். ஆகவே உளி வாங்கியதும் என் தடியிலேயே தட்டிப் பிடியைக் கழற்றி எறிந்துவிட்டு, இரும்பை மட்டும் துணியில் சுற்றிக்கொண்டு போவார்கள். மஞ்சளாக, வழுவழுப்பாக, சிவப்பு முத்திரையோடு எவ்வளவு நல்ல பிடி! எறிய எனக்கு மனம் வராது. சாக்கில் போட்டு மச்சுப்படியின் கீழே வைத்தேன். நல்ல பொருளை வீணாக்காதவன் நான். அதில் என்ன குற்றம் என்று இன்றைக்கும் கேட்கிறேன்.

மச்சினன் மெட்ரிகுலேஷன் படித்தவன். வேலை கிடைக்காமல் அலைந்தவனைக் கூட்டிவந்து கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார வைத்தேன். எது சிவப்பில் வாங்க வேண்டும், எது நீலத்தில் வாங்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்தது அத்தனையும் அவனுக்குச் சொன்னேன். உலகச் சண்டை வந்து சீமைச் சரக்கு நின்றது. கிடங்கில் நீலம் கொஞ்சம் இருந்தது, சிவப்பு அடியோடு தீர்ந்தது. ஆனால் கடையில் சிவப்பு உளி விற்றுக்கொண்டே இருந்தது. ஆரியசாலையில் ஒரு வியாபாரி பதுக்கி வைத்திருந்ததை வாங்கியதாக அவன் சொன்னான். நான் நம்பினேன். சொந்தக்காரனை நம்பாமல் யாரை நம்புவது?

ஒருநாள் காலை, கடைத்தெருவில் நடக்க இடமில்லாத நேரம், மூத்தாசாரி வந்தார். கோட்டைக்குள் கோயில் மடப்பள்ளிக்கு மரவேலை பார்க்கிறவர், வாங்க வந்தவர்களில் அந்தத் தடியில் முதன்முதல் வெட்டிப் பார்த்தவர். மடியிலிருந்து அகல உளி ஒன்றை எடுத்துத் தடிமேல் வைத்தார். வாய் மடங்கியிருந்தது.

"இது எவிடுத்தெ சாதனம், மொதலாளி?"

"சிவப்புன்னா மடங்காது ஆசாரியே. வேற எங்கயோ வாங்கினதை இங்க கொண்டாந்திருக்கீரு."

"ஞான் வேற கடையில் போகுமோ? நிங்ஙளுடெ வாக்கு கேட்டல்லே வாங்கினது."

கூட்டம் கூடிவிட்டது. எனக்கு ரோஷம். அலமாரியிலிருந்து புதுச் சிவப்பு முத்திரை உளி ஒன்றை நானே எடுத்து, "எல்லாரும் பாருங்க" என்று சொல்லி, முடிச்சில் வைத்துக் கொட்டாப்புளியால் அடித்தேன். வாய் மடங்கியது.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். மூத்தாசாரி மட்டும் மெதுவாக, "முடிச்சு மாறியிட்டில்ல, மொதலாளி. தடியும் மாறியிட்டில்ல" என்றார். முடிச்சும் தடியும் மாறவில்லை என்றால் மாறியது உளி.

நான் பிடியைத் தட்டிக் கழற்றினேன். பிடிக்குள் போகும் வால் பகுதி சிவப்பில் தவிட்டு நிறமாக, வழவழப்பாக இருக்கும். நீலத்தில் உலைக் கரி அப்படியே ஒட்டியிருக்கும். இந்த வால் பளபளவென்று வெள்ளையாக இருந்தது. கம்பெனி அப்படி ஒன்றைச் செய்வதே இல்லை. என் கடை அரத்தால் யாரோ கரியை ராவி எடுத்திருந்தார்கள். நான் திரும்பிப் பார்த்தேன். மச்சினன் தலை நிமிராமல் ஆணி நிறுத்துக்கொண்டிருந்தான். மச்சுப்படியின் கீழே பிடிச் சாக்கு பாதியாகியிருந்தது: நீல இரும்புக்குச் சிவப்புப் பிடி.

கூட்டம் கலைந்த பிறகு கேட்டேன்.

"ஏல, யாரு மாட்டின பிடி இது?"

"பிடி சும்மாத்தான அத்தான் கெடக்கு. சிவப்பு இல்லன்னா வாறவன் அடுத்த கடைக்குப் போயிருவான். கடையக் காப்பாத்தத்தான் செஞ்சேன்."

"எம்பேரை வித்தா கடையக் காப்பாத்துன, ஏல?"

"வால் வித்தியாசம் நீங்க சொல்லித்தான அத்தான் தெரியும். வேற ஒரு பயலுக்கும் தெரியாது."

இதைச் சொல்லும்போது அவன் குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

அன்று வீட்டில் அவன் அக்காள் சாப்பிடாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். "அவன் பேரு வெளிய வந்தா அவனுக்கு எவன் பொண்ணு குடுப்பான்?" என்று மட்டும் கேட்டாள். நான் அவன் பெயரைச் சொல்லவில்லை. மடங்கின உளியைக் கொண்டுவந்த ஒவ்வொருவருக்கும், எங்கெங்கோ தேடிப் பிடித்து உண்மையான சிவப்பைக் கொடுத்தேன். யார் செய்தது என்று கேட்டவர்களிடம், "எங்கடையில நடந்தது, நாந்தான் பொறுப்பு" என்றேன். அதைப் பெரிய மனசு என்று யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. நானே செய்துவிட்டு ஒத்துக்கொண்டதாகத்தான் எடுத்துக்கொண்டார்கள்.

அதையும் தாங்கியிருப்பேன். சில மாதத்தில் அவன் பழவங்காடியில் தனிக்கடை போட்டான். ஏன் பிரிந்தாய் என்று கேட்டவர்களிடம், "அத்தான் கடையில நடக்கது எனக்குப் பிடிக்கல. அதான் வெளிய வந்துட்டேன்" என்றானாம். கேட்டவர்கள் என்னிடமே வந்து சொன்னார்கள். அவன் கடை வாசலில் ஆஞ்சிலித் தடி. பலகையில் இரண்டு மொழியிலும் கொட்டை எழுத்தில்: வெட்டிப் பார்த்து வாங்குக. உள்ளே போனால், சுத்தியல் நீலம் போதும், அகல உளி சிவப்புதான் என்று என் வாயில் வந்த வார்த்தையை அப்படியே சொல்கிறான்.

வருஷம் பல ஓடி, போன மாசம் வியாபாரிகள் சேர்ந்து அவனுக்கு ஒரு வரவேற்புக் கொடுத்தார்கள். நானும் போனேன், கூப்பிட்டார்கள், மூன்றாம் வரிசையில் நாற்காலி. ஆசாரி வெட்டிப் பார்த்து வாங்கும் நாணயமான வழக்கத்தை இந்த ஊருக்குக் கொண்டுவந்தவர் இவர் என்று ஒரு வக்கீல் பேசினார். மாலைக்குள் இருந்து மச்சினன் என்னைப் பார்த்தான், பிறகு மாலையைச் சரி செய்துகொண்டான். மூத்தாசாரியும் அங்கே இருந்தார். அவரும் கை தட்டினார். எனக்கு வலித்தது அந்தக் கைதட்டல்தான்.

வாசலில் அவனைப் பிடித்துக் கேட்டேன். "அந்தத் தடி யாரு போட்டதுல?"

"விடுங்க அத்தான். தடி எந்தக் கடையில இல்ல இப்போ?"

இருக்கிறது. எல்லாக் கடையிலும் இருக்கிறது. நான் போட்டதால்தான் இருக்கிறது.

பிடியை மாற்றியது யார் என்று இதுவரை வெளியில் சொல்லாமல் இருந்தேன், இதோ, எழுதிவிட்டேன். அவன் அக்காள் இப்போது இல்லை, இனி யாருக்காகவும் நான் வாயை மூட வேண்டியதில்லை. வியாபாரிகள் அந்த வரவேற்பைப் புத்தகமாக அச்சுப் போடுகிறார்களாம். போடட்டும். அவன் படத்தைப் போடட்டும், மாலையோடு போடட்டும். ஆனால் தடியைப் பற்றிய வரி வரும் இடத்தில், முதல் தடி சாலையில் என் கடை வாசலில் கிடந்தது என்றும், சிவப்பு எது, நீலம் எது என்று முதலில் வெட்டிக் காட்டியது என் கை என்றும் சேர்க்க வேண்டும். சின்ன எழுத்தில் அடியில் வேண்டாம். அவன் பெயர் வரும் அதே எழுத்தில், அவன் பெயருக்கு மேலே.