என் நைட்டியைப் போட்டுக்கொண்டு பால் கறந்தவள்

போன மாசி மாதம் நடந்தது இது. அரூரிலிருந்து தீர்த்தமலை போகிற வழியில், கேட்டால் மட்டும் பஸ் நிற்கும் ஒரு சின்ன ஊர் எங்களுடையது. ஒரே வாசலில் இரண்டு வீடு. ஒன்றில் நாங்கள், எதிர்வீட்டில் என் கணவரின் தம்பி குடும்பம். அந்தத் தம்பியின் மனைவி, அதாவது என் ஓரகத்தி, அரூரில் ஒரு தனியார் பள்ளியில் டீச்சர். நான் வீட்டோடு இருப்பவள். வீட்டோடு என்றால், மாட்டோடு.

எனக்கு அவள்மேல் பொறாமை. சும்மா லேசான பொறாமை என்றெல்லாம் பூசி மெழுக விரும்பவில்லை. நன்றாகவே வயிறு எரியும். பையனை நாமக்கல் பக்கம் ஹாஸ்டல் பள்ளியில் சேர்த்த பிறகு, இரண்டு நாள் லீவு கிடைத்தால் போதும், புருஷனும் பெண்டாட்டியும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். ஏற்காடு, ஊட்டி, அப்புறம் அடிக்கடி பாண்டிச்சேரி. போன இடத்திலிருந்து வாட்ஸ்அப்பில் ஸ்டேட்டஸ் வேறு. கடலுக்கு முன்னால் கையை விரித்துக்கொண்டு நிற்பாள், துப்பட்டா பின்னால் பறக்கும். அதைப் பார்க்கும்போது நான் பெரும்பாலும் சாணி அள்ளிக்கொண்டிருப்பேன்.

அதையும் என் போனில் பார்க்க மாட்டேன். பார்த்தவர்கள் யார் யார் என்று அவளுக்குத் தெரிந்துவிடுமே. அந்த சந்தோஷத்தை நான் ஏன் அவளுக்குக் கொடுக்க வேண்டும்? காலேஜ் படிக்கும் என் மகளின் போனை வாங்கி, ஒவ்வொரு படத்தையும் நிறுத்தி நிறுத்திப் பார்ப்பேன். பார்த்துவிட்டு, "வெயில்ல மூஞ்சி கறுத்துப் போச்சு பாரு" என்று மகளிடம் சொல்வேன். சொன்னால் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும்.

அந்த முறை பாண்டிச்சேரியிலிருந்து வந்தவள் என் மகளுக்கு ஒரு கிளிஞ்சல் மாலை வாங்கி வந்திருந்தாள். "சித்தி, அடுத்த வாட்டி எங்களயும் கூட்டிட்டுப் போங்க" என்று மகள் கொஞ்சினாள்.

"உன்னக் கூட்டிட்டுப் போறேன் கண்ணு. அம்மா எங்க வரப்போறாங்க? அவங்களுக்குத்தான் மாடு இருக்குதே" என்றாள்.

அவள் குத்தலாகச் சொல்லவில்லை. ஆனால் எனக்குக் குத்திவிட்டது. நாற்பது வயதைத் தாண்டியும் கடலைப் பார்த்ததில்லை நான். பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் படுத்ததைத் தவிர, கல்யாணத்துக்குப் பிறகு வெளியே ஒரு ராத்திரி தங்கியதும் இல்லை. எல்லாவற்றுக்கும் ஒரே பதில், மாடு இருக்கிறதே. அன்றைக்குச் சாயங்காலமே என் கணவரிடம் சொல்லிவிட்டேன், வருகிற வாரக் கடைசியில் நாம் பாண்டிச்சேரி போகிறோம், சனிக்கிழமை போய் ஞாயிற்றுக்கிழமை திரும்புகிறோம் என்று.

குச்சிக்கிழங்குத் தோட்டத்திலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். "மாட்டுக்கு என்னா வழி?" என்றார்.

"அதெல்லாம் அப்புறம்" என்றேன். முதலில் கடல், பிறகுதான் மாடு என்று முடிவு பண்ணிவிட்டேன்.

மகளும் நானும் உட்கார்ந்து போனில் லாட்ஜ் தேடினோம். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் இருந்தால் வசதி என்றார் அவர். எனக்கு ஜன்னலைத் திறந்தால் கடல் தெரிய வேண்டும். அவள் போட்ட படத்தில் தெரிந்ததே! சொல்லப்போனால், அவள் தங்கிய இடத்தைவிட ஒரு மாடியாவது உயரமாக இருக்க வேண்டும் என்று அடம்பிடித்தேன். திருவண்ணாமலை போய் அங்கிருந்து பாண்டிச்சேரி பஸ் பிடிப்பது, போகும்போது சாப்பிடப் புளிச்சோறு கட்டிக்கொள்வது எல்லாம் பேசியாகிவிட்டது. அரூர் கடைத்தெருவில் எனக்கு ஒரு சுடிதாரும் வாங்கினேன். என் வாழ்க்கையில் முதல் சுடிதார். புடவை நனைந்தால் காயாது என்று வீட்டில் காரணம் சொன்னேன். எனக்கும் ஒரு துப்பட்டா பறக்க வேண்டும் என்பதுதான் உண்மை.

இனிமேல் மாட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். செவலை என்று கூப்பிடுவோம். ஜெர்சிக் கலப்பு. கன்றாக இருந்தபோதிலிருந்து நான் வளர்த்தது. காலையும் மாலையும் என் கைக்கு மட்டும்தான் பால் சுரக்கும். வேறு யார் உட்கார்ந்தாலும் பாலை அடக்கிக்கொண்டு நிற்கும், மீறித் தொட்டால் உதைக்கும். எனக்குக் காய்ச்சல் வந்தபோது என் கணவர் முயற்சி பண்ணி, முழங்காலில் வாங்கிக்கொண்டு நொண்டியபடி வந்தார். அப்புறம் போர்வையைப் போர்த்திக்கொண்டு நானேதான் போய்க் கறந்தேன். அப்படியே விடவும் முடியாது. இரண்டு வேளை கறக்காமல் போனால் மடி கல்லாகிவிடும். மடிநோய் வந்து மாடே வீணாகிப்போகும்.

என் மாமனார் வாசல் கட்டிலில் படுத்தபடியே தீர்ப்பு சொன்னார், "கடலு எங்கியும் போயிறாது. மாட்டுக்கு மடி போச்சுன்னா போனதுதான்."

அப்போது எதிர்வீட்டு வாசலிலிருந்து என் ஓரகத்தி வந்தாள். "நான் கறக்கறங்க்கா" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. சாணி வாசனைக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு ஸ்கூட்டி எடுக்கிறவள். சரி, ஒரு உதை வாங்கட்டும் என்று மனசுக்குள் நினைத்துக்கொண்டு, "பழகிப் பாரேன்" என்றேன்.

எங்கள் பக்கத்தில் இதற்கு ஒரு வழி உண்டு. கறக்கிறவள் ஊருக்குப் போக வேண்டியிருந்தால், அவள் உடுத்தியதை வேறொருத்தி உடுத்திக்கொண்டு மாட்டுக்கிட்டே போவாள். மாட்டுக்கு முகத்தைவிட வாசனைதான் பெரிது. மாட்டுக்கொட்டகைக்கென்றே நான் வைத்திருக்கும் ஒரு பழைய நைட்டியையும் தலையில் கட்டும் துண்டையும் எடுத்துக் கொடுத்தேன். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அதைப் போட்டுக்கொண்டு என்னோடு கொட்டகைக்கு வந்தாள். விரலில் விளக்கெண்ணெய் தடவிக்கொண்டு உட்கார்ந்தாள். தொட்டதுதான் தாமதம், செவலை விட்டது ஒரு உதை. வாளி ஒரு பக்கம், டீச்சர் ஒரு பக்கம். நான் ஓடிப்போய்த் தூக்கிவிட்டேன். "அய்யோ, அடி பட்டுருச்சா?" என்று கேட்டேன். உள்ளுக்குள்ளே சில்லென்று இருந்தது. என் மாடு என் மாடுதான்.

அவள் விடவில்லை. தினமும் வந்தாள். கறக்கும்போது நான் முணுமுணுப்பதைக் கேட்டுக் கேட்டு, அதே மாதிரி "ந்தா, நில்லுடி, நில்லுடி" என்று சொல்லிப் பழகினாள். புண்ணாக்குத் தண்ணியை அவளே கலக்கி வைத்தாள். நடுவில் ஒரு நாள் எனக்கு அரூரில் வேலை இருந்தது. திரும்பி வர லேட்டாகிவிட்டது. மாடு தவித்துக்கொண்டிருக்கும் என்று பஸ்ஸை விட்டு இறங்கி ஓட்டமும் நடையுமாக வந்தேன்.

கொட்டகைப் பக்கம் வந்தபோது சத்தம் கேட்டது. வாளியில் பால் விழும் சத்தம், சர் சர்ரென்று. எட்டிப் பார்த்தேன். என் நைட்டி, என் துண்டு, நான் உட்காரும் விதத்தில் ஒரு முதுகு. செவலை கண்ணை மூடி அசைபோட்டுக்கொண்டு அவ்வளவு சுகமாக நிற்கிறது. அதைவிட, தோட்டத்திலிருந்து வந்த என் கணவர் தூரத்திலிருந்தே அந்த முதுகைப் பார்த்து, "ஏய், சுடுதண்ணி வெச்சியா?" என்று கேட்டார். அவள் திடுக்கிட்டுத் திரும்ப, இவர் நாக்கைக் கடித்துக்கொண்டு வீட்டுக்குள் ஓடிவிட்டார்.

மற்ற எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. எனக்குக் கடலைப் பார்க்க வழி பிறந்துவிட்டது. சந்தோஷப்பட வேண்டிய நேரம். ஆனால் அன்றைக்கு வந்த எரிச்சல், அவளுடைய எந்தக் கடல் படத்தைப் பார்த்தும் வந்ததில்லை. அவளுக்கு ஏற்காடு இருக்கிறது, ஊட்டி இருக்கிறது, சம்பளம் இருக்கிறது, ஸ்கூட்டி இருக்கிறது. எனக்கென்று இருந்தது இந்த மாடு ஒன்றுதான். அதையும் நைட்டியைப் போட்டுக்கொண்டு வந்து வாங்கிக்கொண்டாள். கழுத்தைக் கட்டிக்கொண்டு கேட்கலாம் போலிருந்தது செவலையை, ஏண்டி இப்படிப் பண்ணினாய் என்று.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பையெல்லாம் கட்டிய பிறகு அவளிடம் போனேன். "மாடு ஒரு மாதிரி இருக்குது. நாங்க போவல" என்றேன்.

"நல்லாத்தான இருக்குதுங்க்கா?"

"உனக்கென்னா தெரியும் மாட்டப் பத்தி?"

குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. அவள் பரீட்சைப் பேப்பர் திருத்திக்கொண்டிருந்தாள். பேனாவை மூடி வைத்தாள். கோபித்துக்கொள்வாள் என்று நினைத்தேன். என்னை உட்காரச் சொல்லிவிட்டு மெதுவாகப் பேசினாள்.

"நாங்க ஊருக்குப் போறமே, போனா அவரு ரூமுல படுத்துக்கிட்டு போனப் பாத்துட்டு இருப்பாரு. நான்தான் தனியா போயி கடல்ல நிக்கறது. போட்டோகூட யாராச்சும் தெரியாதவங்ககிட்ட குடுத்து எடுக்கச் சொல்றதுதான். திரும்பி வந்தா இந்த வாசல்ல யாரும் எப்ப வந்தேன்னு கேட்டதில்ல. நான் இல்லாத ரெண்டு நாளும் இந்த வூட்ல ஒரு டம்ளர்கூட எடம் மாறியிருக்காது. எம் பையன்கூட இப்பல்லாம் போன்ல ரெண்டு வார்த்ததான் பேசறான். நீங்க ரெண்டு நாளு போவணும்னா, மாடு மொதக்கொண்டு பழக்க வேண்டியிருக்குது. எனக்கு அதப் பாத்தா எவ்ளோ பொறாமையா இருக்குது தெரியுங்களாக்கா?"

இவ்வளவு நாளாக எரிந்தது என் வயிறு மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். "சரி, விடியாலயில கெளம்பறோம். எழுந்து பாத்துக்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

மறுநாள் போய்ச் சேர்ந்தோம். ஜன்னலைத் திறந்தால் கடல் தெரிந்தது, ஆசைப்பட்டபடியே. சாயங்காலம் சுடிதாரைப் போட்டுக்கொண்டு கடற்கரைக்குப் போனோம். மகள் ஓடிப்போய்த் தண்ணீரில் நின்றாள். அவரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கிவிட்டார். துப்பட்டாகூடப் பறந்தது. ஆனால் எனக்கு மனசு ஒட்டவில்லை. கறக்கிற நேரம் அது. விரலெல்லாம் என்னவோ மாதிரி குறுகுறுத்தது. சும்மா தொங்கிய கையை எங்கே வைப்பதென்றே தெரியாமல் நின்றேன். கடைசியில் தாங்க முடியாமல் போனை எடுத்தேன்.

"கறந்துச்சா?"

"கறந்துருச்சுங்க்கா. சொசைட்டிக்குப் போயி பால் ஊத்திட்டும் வந்துட்டேன்."

"ஒதைக்கலியா?"

"இல்லீங்க."

ஒரு வாளிப் பாலும் என் தலையில் கொட்டின மாதிரி இருந்தது. உதைக்கவில்லையாம்! வெட்கத்தை விட்டுக் கேட்டுவிட்டேன், "என்னத் தேடுச்சா?"

உடனே சொன்னாள், "தேடாம இருக்குமாங்க்கா? நீங்க வர்ற வழியவே பாத்துட்டு நிக்குது. சோளத்தட்டு போட்டா மோந்து பாத்துட்டு அப்படியே வுட்டுருது. ஏதோ எம் மொகத்துக்காவப் பால் குடுத்துச்சு, அவ்ளோதான்."

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வருத்தத்தில் வந்த தண்ணீர் இல்லை. பாவம் செவலை என்று ஒரு பக்கம் இருந்தாலும், மனசு பூராவும் குளிர்ந்துவிட்டது. போனை மகளிடம் கொடுத்துவிட்டு நேரே தண்ணீருக்குள் இறங்கினேன். இடுப்புவரை நனைந்தேன். அலை வந்து தள்ளியதில் விழுந்து எழுந்தேன். உப்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு, பைத்தியம் மாதிரி சிரித்தேன். "உனக்கு என்னா ஆச்சு?" என்று என் கணவர் கேட்கும் அளவுக்கு இருந்தது ஆட்டம். நான் கடல் பார்த்தது அந்தப் போனுக்குப் பிறகுதான்.

ஞாயிற்றுக்கிழமை இருட்டுவதற்கு முன்னால் ஊர் திரும்பினோம். செருப்பைக்கூடக் கழற்றாமல் கொட்டகைக்கு ஓடினேன். செவலை வயிறு முட்டத் தின்றுவிட்டுப் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்தது. காதை ஒருமுறை ஆட்டியது. மறுபடியும் அசைபோட ஆரம்பித்துவிட்டது.

"ரெண்டு நாளா சரியாவே திங்கலியாமே?" என்று மாமனாரிடம் கேட்டேன்.

"யாரு சொன்னது? போட்ட தட்டுல ஒரு துண்டு மிச்சமில்ல. நீ போனதே அதுக்குத் தெரியல" என்றார் அவர்.

திரும்பினேன். என் நைட்டியைத் துவைத்து மடித்துக் கையில் வைத்துக்கொண்டு என் ஓரகத்தி நின்றிருந்தாள். மாமனார் சொன்னது அவள் காதில் விழுந்துவிட்டது. தலையைக் குனிந்துகொண்டாள். நான் நைட்டியை வாங்கிக்கொண்டேன். "எப்ப வந்தீங்கக்கா? சாப்ட்டீங்களா?" என்றாள். அந்தக் கேள்வியை இத்தனை வருஷத்தில் ஒருமுறைகூட நான் அவளிடம் கேட்டதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

எனக்கு என்ன வேண்டியிருந்தது என்று அந்தப் போனில் அவளுக்கு மட்டும்தான் தெரிந்திருக்கிறது. தன்னை யாரும் தேடவில்லை என்ற வலியை வருஷக்கணக்காகச் சுமந்தவளுக்கு, அது இன்னொருத்திக்கு வந்துவிடக் கூடாது என்று தோன்றியிருக்கிறது. நான் அவள் இடத்தில் இருந்து, அவள் கடற்கரையிலிருந்து அப்படிக் கேட்டிருந்தால், "உன்னத் தேடவேயில்ல" என்று உண்மையைத்தான் சொல்லியிருப்பேன், அதுவும் சந்தோஷமாக. என் பொறாமை இன்னும் தீர்ந்துவிடவில்லை. ஆனால் இப்போது நான் பொறாமைப்படுவதெல்லாம், கேட்ட மாத்திரத்தில் அப்படி ஒரு பொய்யைச் சொல்ல முடிந்த அவள் மனசைப் பார்த்துத்தான்.