பிஸ்கட் மட்டையில் வெட்டிய வளைவு

அக்காவின் அலுமாரியில், சேலைகளுக்குக் கீழே, பிஸ்கட் பெட்டியிலிருந்து வெட்டியெடுத்த ஒரு மட்டைத் துண்டு இருக்கிறது. உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரியது. ஒரு பக்கம் நேராகவும் மறுபக்கம் கூன் முதுகு போலவும் வெட்டப்பட்டிருக்கும். ஓரமெல்லாம் கிறீஸ் கறை. தெரியாதவர்கள் கண்டால் குப்பையில் போட்டுவிடுவார்கள். அத்தானின் சட்டைகளைக்கூட ஆருக்கோ கொடுத்துவிட்ட அக்கா, இதை மட்டும் பூட்டி வைத்திருக்கிறாள்.

அத்தானுக்குக் காப்புறுதிக் கந்தோரில் வேலை. அடுத்தவர்களின் விபத்துகளுக்குப் பெறுமதி போடுகிற வேலை. வெள்ளவத்தையில் காலி வீதியில் அவரைப் போல மெதுவாகக் கார் ஓட்டியவர் ஒருவரும் இருந்திருக்க மாட்டார். ஓட்டோக்காரர்கள்கூட ஏசிவிட்டு முந்திப் போவார்கள். நடந்து போனால் கெதியாய்ப் போய்ச் சேரலாம் அத்தான் என்று நான் பின் சீற்றிலிருந்து நக்கலடிப்பேன். அவர் சிரிப்பாரே தவிர வேகத்தைக் கூட்டமாட்டார். அந்த மனிதர்தான் எப்போதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை, கொழும்புக்கு வெளியே நேரான ஓடுபாதை ஒன்றில் அதே காரைக் கொண்டுபோய், மூச்சை அடக்கிக்கொண்டு கார் ஓட்டப் போட்டிக்கு நிற்பார். இரண்டும் ஒரே ஆள்தானா என்று எனக்கு இன்றைக்கும் சந்தேகம் வரும்.

போட்டியில் அவருக்கு ஒரே ஒரு குறை. புறப்படும்போது பின்சில்லுகள் நின்ற இடத்திலேயே வழுக்கிச் சுற்றின. சில்லைச் சிறிதாக்கினால் தடித்த, மெத்தென்ற ரயர் போடலாம், அது தரையைப் பிடித்துக்கொள்ளும் என்று சோற்றுக் கோப்பையைச் சுற்றிக் காட்டி எனக்கு விளக்கினார். ஆனால் காரோடு வந்த பிரேக் அந்தச் சின்னச் சில்லுக்குள் அடங்கவில்லை. பிரேக்கின் கூன் விழுந்த இரும்பு சில்லின் உட்புறத்தில் போய் இடித்தது. கொட்டாஞ்சேனையில் அவருடைய காரைப் பார்க்கிற கராஜ்காரர், இரும்பைக் கொஞ்சம் அராவிவிட்டால் போதும், எல்லோரும் செய்வதுதான் என்றார்.

இதை அத்தான் வீட்டில் வந்து சொன்னதுதான் பிழை. அக்கா அடுப்பை நிற்பாட்டிவிட்டு வந்தாள். சண்டை பிடிக்கவில்லை. மகளைக் கூப்பிட்டு, அவருடைய கையை எடுத்துப் பிள்ளையின் தலையில் வைத்தாள்.

"ஓடுறது உங்கட விருப்பம். நிப்பாட்டுறதில மட்டும் கை வைக்கமாட்டன் எண்டு சொல்லுங்கோ."

அவர் சொன்னார். அன்றைக்கே பிஸ்கட் பெட்டியைக் கிழித்து, பிரேக்கின் கூனலை அளந்து அந்த மட்டையை வெட்டினார். பிறகு மாதக்கணக்காக அது அவருடைய சட்டைப் பையில் பேனாவோடு இருந்தது. பஞ்சிகாவத்தை, நுகேகொடை என்று பழைய சில்லு விற்கிற கடையெல்லாம் ஏறி, "அய்யே, பொட்டக் இன்ன" என்று சிங்களத்தில் சொல்லி முதலாளியைக் கொஞ்சம் நிறுத்திவைத்துவிட்டு, ஒவ்வொரு சில்லுக்குள்ளும் மட்டையை வைத்துப் பார்ப்பார். பெரும்பாலும் முட்டும். முகம் வாடித் திரும்பி வருவார். கடைசியில் முட்டாத ஒரு சோடி கிடைத்தது, முகம் பார்க்கலாம் போலப் பளபளப்பு. கொட்டாஞ்சேனையில் வெறும் சில்லைப் பூட்டிப் பார்த்த அன்று அக்காவையும் கூட்டிப் போனார். சில்லுக்கும் பிரேக்குக்கும் நடுவே ஒரு நெருப்புக்குச்சியை விட்டு இழுத்துக் காட்டினார்.

"பாரும், ஒரு இடமும் தொடேல்லை."

அக்கா சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, வேண்டாம் என்றாலும் வருகிறது.

ரயர் போட்டவுடன் சில்லு ஆடாமல் ஓடுவதற்காகச் சின்ன ஈயக்கட்டிகள் வைப்பார்கள். வெளி விளிம்பில் அடித்தால் பளபளப்பு கெட்டுவிடும், உள்ளே ஒட்டுங்கள் என்று அத்தானே ரயர் கடைக்காரரிடம் சொன்னார். ஒட்டினார்கள். அவர் காரை ஜக்கில் ஏற்றிச் சில்லைக் கையால் சுற்றிப் பார்த்தார், சுற்றியது. நெருப்புக்குச்சியை மறுபடி விட்டுப் பார்க்கத் தோன்றவில்லை. விட்டிருந்தால் ஈயத்தில் முட்டி நின்றிருக்கும்.

போட்டிக்கு நான் போயிருந்தேன். அக்கா, பசியோடு வருவார் என்று வீட்டில் நண்டுக்கறி வைத்துக்கொண்டிருந்தாள். கார் அன்றைக்கு வழுக்கவில்லை. அவர் வாழ்க்கையிலேயே அப்படிப் புறப்பட்டதில்லை. நான் எழும்பி நின்று கை தட்டினேன். பாதை முடிகிற இடத்தில் காரின் பின்பக்கம் ஒருபக்கமாகத் திரும்பியது. அதற்குமேல் எழுத எனக்கு மனமில்லை.

செத்தவீட்டுக்குக் கராஜ்காரர் வந்தார். காரைப் பார்த்துவிட்டு வந்தவர், என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். அந்த வேகத்தில் சில்லு இம்மியளவு வளையுமாம். ஈயம் பிரேக்கில் உரசிக் கழன்று, இடையில் போய்ச் செருகிச் சில்லை இறுக்கிவிட்டதாம்.

"கொஞ்சம் அராவியிருந்தா இடம் இருந்திருக்கும், மிஸ்."

அவர் குத்திக் காட்டவில்லை. எவ்வளவு என்று விரலில் காட்டி, அழுதுகொண்டுதான் சொன்னார். நான் ஒருவருக்கும் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை, அறைவாசல் சேலைத்திரைக்குப் பின்னால் அக்கா நின்றிருந்தாள். வந்தவர்கள் விதி என்று சொல்லித் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார்கள். எனக்கு அந்த ஆறுதலும் இல்லை. ஒருவரிலாவது கோபப்பட முடிந்தால் கொஞ்சம் மூச்சு விடலாம். ரயர் கடைக்காரர் சொன்னதைச் செய்தார். அத்தான் கொடுத்த வாக்கைக் காப்பாற்றினார். அக்கா எந்த மனைவியும் கேட்கிறதைத்தான் கேட்டாள். ஒருவரும் பிழை செய்யாமலே ஒரு வீடு அழிந்துபோனது.

போன ஞாயிறு அலுமாரியை அடுக்க உதவப் போயிருந்தேன். அக்கா மட்டையை எடுத்து என் கையில் தந்தாள். இத்தனை வருடத்தில் ஒருநாளும் கேட்காததைக் கேட்டாள்.

"கராஜ்காரர் எவ்வளவு அராவச் சொன்னவர்?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அவளிடம் எனக்குப் பொய் வராது. கூனலின் உச்சியில், ஓரத்தை ஒட்டி, நகத்தால் ஒரு கோடு கீறிக் காட்டினேன். கோட்டுக்கு வெளியே மிஞ்சியது ஒரு நூல் அளவு மட்டை. அக்கா அதை யன்னல் வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தாள்.

"இவ்வளவுதானோ" என்றாள்.

பிறகு அதைச் சேலைகளுக்குக் கீழே வைத்து அலுமாரியைப் பூட்டினாள்.