அம்மாவை நோக விடாத அப்பா

எங்கள் அப்பா விழுப்புரத்தை அடுத்த காணைக்குப் பக்கத்தில் ஒரு கரும்பு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். திருமணத்துக்குப் பின் திண்டிவனத்தில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை வியாபாரம் செய்து குடும்பத்தை நிலைநிறுத்தினார். அதிர்ந்து பேசத் தெரியாதவர். நான் பிறந்த வாரத்தில் மட்டும் அவர் குரல் உயர்ந்ததாக அம்மா சொல்வார்கள்.

விழுப்புரம் மருத்துவமனையில் நான் பிறந்தபோது, மேலுதட்டிலிருந்து மூக்கோரமாகக் கீழ் இமை வரை முகம் பிளந்திருந்தது. மிக அரிதான பிறவிப் பிளவு, வளர வளரப் பல அறுவை சிகிச்சைகள் வேண்டும் என்றார் மருத்துவர். பார்க்க வந்த அத்தை, அம்மாவின் கட்டிலருகே நின்று, "கிரகணத்தன்னிக்கு வெளிய போனியா? எதனா வெட்டினியா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார்கள். அம்மாவால் அழுகையை அடக்க முடியவில்லை.

"சும்மா அதையே கேட்டுக்கினு இருக்காதக்கா," என்றாராம் அப்பா. "டாக்டரம்மாகிட்ட கேட்டுட்டேன். வயித்துல மொகம் கூடி வர்றப்பவே இப்பிடி ஆயிடுச்சாம். யாரும் பண்ணது இல்ல. இனிமே அவள யாரும் ஒண்ணும் கேக்கக் கூடாது."

எனக்குப் பால் உறிஞ்ச வரவில்லை. எடை குறைந்துகொண்டே போனது. அம்மா பீய்ச்சித் தந்த பாலைப் பாலாடையில் எடுத்து, என்னை மடியில் நிமிர்த்திப் பிடித்துப் பொறுமையாகப் புகட்டியவர் அப்பா. சரியாக மூடாத கண் காய்ந்துவிடாமல் மருந்து போட்டவரும் அவரே. என் முகத்தை மூடி அவர் பேருந்தில் ஏறியதே இல்லை.

என்னைத் தேற்றிய மருத்துவர்களுக்கும், செவிலியர்களுக்கும், ரத்தம் தந்த கடைத்தெரு நண்பர்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டது. ஒவ்வொரு அறுவை சிகிச்சைக்கும் சென்னைக்கு வந்து அம்மாவுக்குத் துணையாகத் தங்கியவர், அன்று கேள்வி கேட்ட அதே அத்தைதான். அவர்களுக்கும் நன்றி.

அப்பாவுக்கு எப்படி நன்றி சொல்வது? அவருடைய இதய நோய்க்காக நாங்கள் இருவரும் கடைசியாக விழுப்புரம் மருத்துவமனைக்குப் போயிருந்தபோது, உதடு பிளந்த கைக்குழந்தையுடன் ஓர் இளம் தாய் ஒதுங்கி உட்கார்ந்திருந்தார். "போய்ப் பேசிட்டு வாம்மா," என்றார் அப்பா.

அந்தப் பெண் என் தழும்பைப் பார்த்தார். சிகிச்சையைப் பற்றி அவர் கேட்கவில்லை.

"உங்கம்மாவ யாராச்சும் எதனா சொன்னாங்களா?"

"சொன்னாங்க. எங்கப்பா அதுக்கு மேல சொல்ல வுடல."

அவர் சற்றுத் தள்ளி நின்ற தன் கணவரைத் திரும்பிப் பார்த்தார்.

"இங்க வாங்க," என்றார். "இவங்க சொல்றத நீங்களும் கேளுங்க."