வலப்பக்கம் வருகிறவர்

லோர்ன் கிட்டில்சனுக்கு நெட்டி பொடல்ஸ்கி மேல் பதினாலு வருஷக் கடுப்பு. காரணத்தைக் கேட்டால் சிரிப்பு வரும். ஆளே வராத முக்கில் அவள் காரை நிறுத்துவாள். அவ்வளவுதான்.

சஸ்காச்சுவான் மாகாணத்தில் அந்தப் பக்கத்துச் சரளை ரோடுகள் கட்டம் போட்ட நோட்டு மாதிரி கிடக்கும். ஒன்றை ஒன்று வெட்டுகிற இடத்தில் சிக்னலும் கிடையாது, பலகையும் கிடையாது. வலப்பக்கம் வருகிறவனுக்கு வழி விட வேண்டும், அது சட்டம். ஆனால் அங்கே யாரும் வண்டியைத் தேடுவதில்லை, புழுதியைத்தான் தேடுவார்கள். மரமே இல்லாத வெளி. மூணு மைலுக்கு அப்பால் ஒரு வண்டி வந்தாலும் பின்னால் புழுதி வாலாக நீண்டு நிற்கும். புழுதி இல்லையா, ஆள் இல்லை, மிதி.

லோர்னும் அப்படி மிதிக்கிறவன்தான். முனிசிபாலிட்டியின் சரளை லாரியை ஓட்டுகிறவன். காலை ஏழே முக்காலுக்கு முதல் லோடு ஏற்றி வடக்கே கிளம்புவான். அதே நேரத்துக்கு அவனுக்கு முன்னால் நெட்டியின் பழுப்பு நிறக் கார் போகும். ஒரு நீர்க்குட்டையை ஒட்டிய குட்டை முக்கு வந்ததும் அதன் பின்விளக்கு சிவக்கும். நிற்பாள். சும்மா பேருக்கு நின்று போவதில்லை, முழு நிமிஷம் நிற்பாள். பிறகு, எதிரே வருகிறவனுக்கு அந்த ஊர்க்காரர்கள் செய்வது மாதிரி ஸ்டியரிங்கிலிருந்து ரெண்டு விரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போவாள். லோடு ஏறிய லாரியை நிறுத்தி, மறுபடி முதல் கியரிலிருந்து உருட்டிப் பார்த்தவனுக்குத்தான் அந்த எரிச்சல் தெரியும்.

காபிக் கடையில் தினமும் இதே கேலி. "என்ன லோர்ன், உன் ஆளு இன்னிக்கு எவ்வளவு நேரம் நிக்க வெச்சா?"

நெட்டியைப் பற்றி ஊரில் பெரிய கதை எதுவும் இல்லை. புருஷன் ஆல்பர்ட்டா எண்ணெய்க் கிணற்று வேலைக்குப் போனான். ரெண்டு கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டை வந்தது, அதோடு சரி. டவுன் ஆஸ்பத்திரிச் சமையலறையில் முப்பத்தொரு வருஷம் கரண்டி பிடித்தாள். எவனாவது கூடுதலாக உப்பு கேட்டால் டாக்டரிடம் போட்டுக் கொடுப்பாள். சர்ச்சின் கோழி விருந்தில் முட்டைக்கோஸ் உருண்டை ஆளுக்கு ரெண்டு, பாதிரியாருக்கும் ரெண்டு. மூணாவதுக்குத் தட்டை நீட்டிய லோர்னின் கையில் கரண்டியால் ஒரு அடி வைத்தாள். அதுவும் அவன் கணக்கில் உண்டு.

ஒரு ஏப்ரல் காலையில் பொறுமை போய் ஹாரனை அமுக்கியபடியே இருந்தான். அவள் காரை விட்டு இறங்கி நிதானமாக நடந்து வந்தாள்.

"எனக்குக் காது நல்லாத்தான் கேக்குது. கையை எடு."

"மிஸஸ் பொடல்ஸ்கி, யாருக்காக நிக்கிறீங்க? வயல் எலிக்கா?"

"வலப்பக்கம் வர்றவருக்கு."

லோர்ன் கிழக்கே பார்த்தான். நேர்கோடாக ரோடு, ஓரத்தில் குட்டை, வானம். "புழுதியையே காணோமே!"

"அன்னிக்கு நானும் அதைத்தான் பார்த்தேன்" என்றாள். முகத்தில் சிரிப்பு இல்லை. "அவரு முதல்ல போகணும், லோர்ன். ஒரு நாள் நிக்காம போயிட்டா என்ன ஆகும்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்சுக்கிற தைரியமும் இல்ல. உனக்கு அவசரம்னா சுத்திப் போ, ரெண்டு மைல்தான் கூட."

கிழவிக்குக் கழண்டுவிட்டது என்று காபிக் கடையில் சொல்லி எல்லாரையும் சிரிக்க வைத்தான்.

ஜூன் மாதம் அவள் தலைக்குள் கட்டி என்றார்கள். ஓரப் பார்வை போய்விட்டது. டாக்டர் எழுதி அனுப்ப, லைசென்ஸைப் பிடுங்கிக்கொண்டார்கள். அடுத்த நாள் காலையில் முன்னால் பழுப்புக் கார் இல்லை. ராத்திரி முழுக்கப் பெய்த மழையில் ரோடு கறுத்து ஊறிக் கிடந்தது. லோர்ன் விசில் அடித்துக்கொண்டே எண்பதில் வந்தான்.

குட்டை முக்குக்கு முன்னால் வலப்பக்கம் ஒரு பார்வை போட்டான். புழுதி.

கால் தானாகப் பிரேக்கில் விழுந்தது. லாரி வழுக்கிக்கொண்டு போய் முக்கின் விளிம்பில் நின்ற பிறகுதான் அவனுக்கு உறைத்தது. ஈர ரோட்டில் ஏது புழுதி?

அது வந்துகொண்டே இருந்தது, காய்ந்த பழுப்பு நிறத்தில், உயரமாக. ஒரு மைல், அரை மைல். அதன் முன்னால் வண்டி இல்லை. சரளை டயரில் நெரிபடும் சத்தம் மட்டும் நன்றாகக் கேட்டது. முக்குக்கு நாலு லாரி நீளம் இருக்கும்போது அந்தச் சத்தம் வேகம் குறைந்தது. நின்றது. இவன் நிற்பானா, பாய்வானா என்று யாரோ பார்க்கிற மாதிரி. லோர்ன் என்ன செய்கிறோம் என்று தெரியாமலே ஸ்டியரிங்கிலிருந்து ரெண்டு விரலைத் தூக்கினான்.

சத்தம் அவன் முகத்துக்கு முன்னால் குறுக்கே போயிற்று. பம்பரில் கல் தெறித்தது. குட்டையில் இருந்த வாத்துகள் அத்தனையும் ஒரே நேரத்தில் எழும்பின. இறங்கிப் பார்த்தால் ஈரத்தில் ஒரு டயர்த் தடம் கூட இல்லை. கண்ணாடியில் மட்டும் காய்ந்த புழுதி. தண்ணீர் பீய்ச்சி வைப்பரைப் போட்டதும் சேறாக வழிந்தது.

லோடைக் கொட்டாமல் நேரே நெட்டி வீட்டுக்குப் போனான். சமையலறையில் கோட்டு மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கார் சாவி கையில்.

"நின்னியா?" என்றாள் முதல் வார்த்தையாக.

"நின்னேன்."

"அவரு தயங்கினாரா?"

லோர்ன் ஆமாம் என்று தலையாட்டினான். அவள் சாவியை மேஜையில் வைத்தாள்.

"பேரு வில்ஃப்ரெட் ஹாக்கன். எனக்கு அப்ப இருபத்தேழு வயசு. வேலைக்கு நேரமாச்சு, முந்தின ராத்திரி மழை. புழுதி இல்ல, ஆள் இல்லன்னு வந்தேன். மழை பேஞ்சா புழுதி எழும்பாதுன்னு தோணல பாரு. காரு முன்கண்ணாடி ஓரத்துல ஒரு இரும்புத் தூண் இருக்குல்ல? அவரும் நானும் ஒரே வேகம் போல. கடைசி வரைக்கும் அந்தத் தூணுக்குப் பின்னாலயே மறைஞ்சு வந்திருக்காரு. தலையை ஒரு தடவை முன்ன பின்ன ஆட்டியிருந்தா கண்ணுல பட்டிருப்பாரு."

"இடிச்சிட்டீங்களா?"

"இல்ல. நான் நிக்கல, அதைப் பார்த்து ஒரு நொடி தயங்கினாரு. அப்புறம் ஸ்டியரிங்கைக் குட்டைப் பக்கம் ஒடிச்சிட்டாரு. வண்டி தண்ணிக்குள்ள கவுந்திடுச்சு, அவரு பிழைக்கல. போலீஸ்காரன் ரோடு ஈரம், வழுக்கிடுச்சுன்னு எழுதிட்டுப் போனான். நான் வாயைத் திறக்கல. வழி அவருது, லோர்ன். விட்டுக் கொடுத்தது அவரு." ஜன்னலைப் பார்த்தாள். "முப்பத்தொன்பது வருஷம் வழி விட்டேன். இனிமே யாரு நிப்பா?"

லோர்னுக்கு இதமாகப் பேச வராது. "தினம் அந்த வழியாத்தானே போறேன். லாரியும் ஒரு நிமிஷம் மூச்சு வாங்கட்டும்" என்றான்.

சொன்னபடி நின்றான். காபிக் கடையில் கேலி ரெட்டிப்பானது. நெட்டி நின்ற காரணத்தை அவன் யாரிடமும் சொல்லவில்லை. காய்ந்த நாளில் ஒன்றும் தெரியாது. மழை பெய்த மறுநாள் மட்டும் வாத்துகள் எழும்பும்.

அக்டோபரில் அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள், அவள் சமைத்த அதே ஆஸ்பத்திரி. லோர்ன் போனபோது சூப்பைத் தள்ளி வைத்துவிட்டு, "இதைக் குடிச்சா கட்டிக்கு முன்னால இதுவே கொன்னுடும்" என்றாள். பிறகு கட்டில் ஓரமாக வரச் சொன்னாள். பார்வை அநேகமாகப் போய்விட்டது. அவன் சட்டைக் கையைத் தடவிப் பிடித்துக்கொண்டாள்.

"சர்ச்சுல இருந்து டவுன் கல்லறைக்கு நாம தினம் போற ரோடுதான். சவ ஊர்வலம்னா எல்லாரும் ஓரங்கட்டி நின்னுடுவாங்க, எந்த முக்குலயும் நிக்காம கொண்டு போவாங்க. அந்த மரியாதை எனக்கு வேணாம். நீ லாரியை எல்லாருக்கும் முன்னால விடு. குட்டை முக்கு வந்ததும் நிறுத்து. எவன் இறங்கி வந்து கேட்டாலும் பதில் சொல்லாத. அவரு போகட்டும். அப்புறமா என்னைக் கொண்டு போ."